பதினேழுக்கு இந்தப் பக்கம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெட்டாற்றுக் கரை மேட்டில்
சிங்காரவேலுவின் பொன்மணி குவிந்து கிடக்கிறது.
கட்டினால் நானூறு மூட்டை தேறும்.
ஆறு நாள் வரிசையில் கிடந்து இன்றுதான் முறை வந்தது.
கூடவே வானமும் வந்தது, மேற்கில் கறுத்து.

ஈரமானி பதினேழைத் தாண்டினால் திருப்பு.
நான் சீசனுக்கு வந்த பில் கிளார்க்.
பகலில் நெல்,
இரவில் அஞ்சல்வழி வணிகப் புள்ளியியல்.

"ஒரு பானைக்கு ஒரு சோறு பாத்தா போதாதாம்மா?"
போதும் ஐயா, பானை கொதித்திருந்தால்.
கொதிக்கிற நீர் எல்லாப் பருக்கையையும் புரட்டிப் போடும்.
இந்தக் குவியலை யார் புரட்டினார்?
உச்சியில் தை வெயில்,
அடியில் தார்ப்பாய் வியர்த்த ஈரம்,
வாய்க்கால் பக்கம் நேற்றைய பனி.

அவர் மகன் உச்சியிலிருந்து ஒரு பிடி நீட்டினான்.
பதினாலரை.
சிங்காரவேலு அந்தக் கையைத் தட்டிவிட்டார்:
"அடியிலயும் வாங்கிக்கம்மா. நாளைக்கு அரைக்கிறவன் ஏசக் கூடாது."

இருபத்தைந்து இடம்.
எந்த இடம் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை.
கைப்பையில் சேர்ந்திருந்த பஸ் டிக்கெட்டுகளின்
கடைசி எண்ணைப் பார்த்துக் காலடி அளந்தேன்.
மூட்டை தூக்கும் மாசிலாமணி சிரித்தார்,
"நெல்லுக்கும் ஜோசியமா?"

பதினைந்து நாலு. பதினெட்டு ஒன்று. பதினாறு எட்டு.
பத்தொன்பதே கால், அதுவும் ஒரு முறை.
கூட்டி வகுத்தால் பதினாறு புள்ளி ஆறு.
விலக்கம் ஒன்றரை. அதை ஐந்தால் வகுக்க
திட்டப்பிழை, பூச்சியம் புள்ளி மூன்று.

பிழை என்கிறது பாடப்புத்தகம்.
யாரும் தப்புச் செய்யவில்லை.
வேறு இருபத்தைந்து பிடி எடுத்திருந்தால்
வேறு சராசரி, அவ்வளவுதான்.
ஆயிரம் பேர் வந்து ஆளுக்கு இருபத்தைந்து பிடி எடுத்து
ஆயிரம் சராசரியையும் ஓரிடத்தில் கொட்டினால்
அதுவும் ஒரு குவியல்,
நடு உயர்ந்து, ஓரம் சரிந்து.
இந்தக் களத்தில் அதற்கு இடம் இல்லை.
நீளாத கைகள் அள்ளிய அந்தக் குவியலிலிருந்து
ஒரே ஒரு மணி
என் தாளில் விழுந்திருக்கிறது.

பதினாறிலிருந்து பதினேழு புள்ளி இரண்டு வரை.
நம்பிக்கை இடைவெளி:
ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத இரண்டு சொற்கள்.
நடுவில் பதினேழு உட்கார்ந்திருக்கிறது,
கால்மேல் கால் போட்டு.

கீழே மதகடியில் வைரக்கண்ணு வலை வீசுகிறார்.
கலங்கல் நீரில் ஒரு கெண்டை
அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள்.
நூறு வீச்சில் தொண்ணூற்றைந்து அதை மூடும்.
அலைவது மீன் அல்ல, வலை.
இந்த வீச்சு மூடியதா, தவறிய ஐந்தில் ஒன்றா?
அவர் இழுத்துப் பார்த்துவிடுவார்.
எனக்கு இழுக்கக் கயிறு இல்லை.

வலையைப் பாதியாய்ச் சுருக்கலாம்.
அதற்கு நூறு பிடி வேண்டும்,
இருட்டும்வரை வெயிலும் வேண்டும்.
முதல் தூறல் என் தாளில் விழுந்து
எட்டை மூன்றாய்க் கரைத்தது.
இனி மீனும் நகரும்.

படிவத்தில் ஒரு கட்டம்,
ஓர் எண் நிற்கும் அகலம்.
16.6 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மாசிலாமணி தராசை இழுத்தார்,
யாரோ தார்ப்பாயின் மறுமுனைக்குக் கத்தினார்கள்.

ரசீதின் பின்புறம் பென்சிலில்
பதினாறு, கோடு, பதினேழு புள்ளி இரண்டு.
சிங்காரவேலு திருப்பிப் பார்த்தார்.
"இது என்னம்மா, ரெண்டு விலையா?"
இல்லை ஐயா,
எனக்கு எவ்வளவு தெரியாது என்கிற கணக்கு.

"மேட்டூர்ல தண்ணி தொறக்கிற தேதி மாதிரியா?"

கிட்டத்தட்ட, என்றேன்.
மழை வலுத்தது.